தீவுகளின் தேசம் – 17: ஆப்ரிகாட் மரத்துக்கு ஒரு சாக்கு

1938 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு. டென்மார்க்கில், ஃபூன் தீவின் தென்கரையில், ஸ்வென்போர்க் ஊருக்கு வெளியே, கடற்காலைப் பார்த்து நிற்கும் ஓலைக்கூரை வீடு. வேலிச் செடிகள் துளிர்விட்டிருந்த நேரத்தில், வசந்தம் வந்துவிட்டதென்று எல்லோரும் நம்பிய பிறகு, காலையில் திடீரென்று பனிப்புயல் அடிக்கிறது. வீட்டுக்குள் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். கண்டத்தையே அழிக்கக்கூடிய ஒரு போரை மூட்டுகிறவர்களைச் சுட்டிக்காட்டும் கவிதை அது. அவருடைய 13 வயது மகன் வந்து கூப்பிடுகிறான். வீட்டுச் சுவரையொட்டி வளர்ந்த சின்ன ஆப்ரிகாட் மரம் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறது. பாதிக் கவிதையைப் போட்டுவிட்டு அவர் எழுந்து போகிறார். அப்பாவும் பிள்ளையும் ஒன்றும் பேசாமல் மரத்துக்கு ஒரு சாக்கைப் போர்த்துகிறார்கள்.

அவர் ஜெர்மன் கவிஞரும் நாடகாசிரியருமான பெர்டோல்ட் பிரெக்ட். அன்று நடந்ததை அவரே பின்னால் ஒரு சிறு கவிதையாக எழுதியதால்தான் நமக்கு இது தெரியும்.

சாக்கு என்றால் தமிழில் இரண்டு பொருள் இருப்பது பிரெக்டுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் ரசித்திருப்பார். பூவையும் மரத்தையும் பாடுவது, செய்ய வேண்டியதைச் செய்யாமலிருக்கக் கவிஞன் சொல்லும் சாக்கா? டென்மார்க்கில் இருந்த ஆறு வருடமும் அவரை அரித்த கேள்வி இதுதான்.

சென்ற இதழை 1920 வாக்கெடுப்பில், வட ஷ்லெஸ்விக் மீண்டும் டென்மார்க்கோடு சேர்ந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். எல்லை இப்போது நிலைத்துவிட்டது. அந்த எல்லைக்குத் தெற்கே 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். பிப்ரவரி 27 இரவு பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரெக்ட் மனைவி ஹெலனே வைகெலோடும் மகன் ஸ்டெஃபானோடும் பிராகுக்கு வண்டி ஏறினார். சின்ன மகள் பார்பராவைப் பிறகுதான் வெளியே கொண்டுவர முடிந்தது. மே 10 அன்று பெர்லினில் புத்தகங்களை எரித்தபோது அவருடைய புத்தகங்களும் நெருப்பில் விழுந்தன. 1935இல் குடியுரிமையும் போயிற்று.

டென்மார்க்குக்குக் கூப்பிட்டவர் கரின் மிகேலிஸ். 1910இல் வெளிவந்த ‘ஆபத்தான வயது’ என்ற நாவலால் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டவர். வைகெலை வியன்னாக் காலத்திலிருந்தே அறிந்தவர். ஸ்வென்போர்க்குக்கு எதிரே உள்ள தூரோ தீவில் அவருக்கு வீடு இருந்தது. 1933 கோடையில் பிரெக்ட் குடும்பம் அங்கே வந்து இறங்கியது. அதே ஆண்டில் ஸ்கோவ்ஸ்போஸ்ட்ராண்ட் என்ற கரையோரப் பகுதியில் இந்த ஓலைவீட்டை வாங்கினார்கள்.

வாசகர்கள் இந்த வீட்டைக் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னால் கடற்கால், அதில் பாய்மரப் படகுகள். பின்னால் பழமரங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். இந்த நாட்டுக்காரர்கள் பாடும் தேசியப் பாட்டே பீச் மரங்களையும் கடலையும் பற்றியது. 1819இல் ஓலென்ஷ்லேகர் எழுதியது. வேறு நாடுகள் வாளையும் ரத்தத்தையும் பாடும் இடத்தில் டேனியர்கள் மரத்தைப் பாடுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, மரத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படும் ஒரு கவிதையை ஒருவர் எழுதினார். ‘பின்னால் பிறக்கப்போகிறவர்களுக்கு’ என்று தலைப்பு. கடந்த நூற்றாண்டின் ஜெர்மன் கவிதைகளில் இதைப்போல மேற்கோள் காட்டப்பட்டவை மிகச் சில.

கூச்சத்துக்குக் காரணம் தெற்கே இருந்தது. கடலைத் தாண்டினால் ஜெர்மனி. அங்கே பேசப்படுவது வானொலிப் பெட்டியில் துல்லியமாகக் கேட்டது. நண்பர்கள் கைதாகும் செய்தி, முகாமில் செத்த செய்தி எல்லாம் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அகதிகள் அரசியலில் இறங்கக் கூடாது என்பது டென்மார்க்கின் நிபந்தனை. பிரதமர் ஸ்டௌனிங் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்தான். ஆனால் பெரிய அண்டை வீட்டுக்காரனைச் சீண்டாமல் காலம் தள்ளுவதே சின்ன நாட்டின் கொள்கை என்று அவர் அரசு இருந்தது. ஆகவே பிரெக்டுக்கு மிஞ்சியது மேசையும் காகிதமும்தான்.

கோடையில் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் வருவார். 1934, 1936, 1938 என்று மூன்று முறை வந்து தங்கினார். தன் நூலகத்தில் ஒரு பகுதியைப் பத்திரத்துக்காக இங்கே அனுப்பிவைத்தார். மரத்தடியில் இரண்டு பேரும் சதுரங்கம் ஆடும் புகைப்படத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பிரெக்டின் எழுத்தறையில் ஒரு சின்ன மரக்கழுதை இருந்ததாகவும், விஷயம் தனக்கும் புரிய வேண்டும் என்று அது கேட்பதுபோல் அதன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியதாகவும் பெஞ்சமின் குறித்துவைத்திருக்கிறார். கழுதைக்கும் புரியும்படி எழுத நினைத்தவர் ஆப்பிள் பூவை எப்படி எழுதுவார்?

எழுதத்தான் செய்தார். அதுதான் வேடிக்கை. ‘கவிதைக்குக் கெட்ட காலம்’ என்ற தலைப்பில் 1939இல் ஒன்று எழுதினார். ஆப்பிள் பூத்திருப்பதன் மகிழ்ச்சியும் ஹிட்லரின் பேச்சு தரும் திகிலும் தனக்குள் மோதுவதைச் சொல்லி, எழுத்து மேசைக்குத் தன்னைத் தள்ளுவது இரண்டாவதுதான் என்று தீர்ப்பும் எழுதினார். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்குள் கடற்காலின் படகும் பாயும், முற்றத்துக் கோணல் மரமும், பூவும் எல்லாம் கவிதைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் அழைத்த மாதிரி. அவர் இயற்கையை நேராகப் பாடியிருந்தால் அந்தப் பூ இவ்வளவு கண்ணில் நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அதே காலத்தில் எழுதிய இன்னொரு சிறு கவிதையில் விடியற்காலைச் சீழ்க்கை சத்தம் கேட்டு விழிக்கிறார். ஒட்டுப்போட்ட கால்சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் தோட்டத்துச் செர்ரி மரத்தில் ஏறிப் பழம் பறித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரர் விரட்டவில்லை. இதில் அரசியல் இருக்கிறதா, அழகு இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

நம் பாரதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் அகதிதான். 1908 முதல் 1918 வரை பத்தாண்டு, பிரெஞ்சுப் புதுச்சேரியில், தெரு முனையில் பிரிட்டிஷ் உளவாளிகள் நிற்க வாழ்ந்தவர். அவருக்கும் தேசக் கடமை கழுத்துவரை இருந்தது. ஆனாலும் மாந்தோப்புக்குப் போய்க் குயிலைக் கேட்டு, அதை ஒரு முழு காவியமாகவே எழுதிவிட்டு வந்தார். குயிலைப் பாடியதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். நிலமும் பருவமும் இல்லாமல் அகமே பேச முடியாத மரபிலிருந்து வந்தவர் அவர். பிரிவுக்குப் பாலை, காத்திருப்புக்கு முல்லை. வினைமேற் சென்றவன் திரும்பும் நாளைக் கார்காலப் பூதான் சொல்லும். கடமையும் பூவும் ஒரே செய்யுளில் இரண்டாயிரம் வருடம் குடித்தனம் நடத்திய மொழி இது. பிரெக்டுக்கு வாய்த்த மொழியிலோ, ‘ரத்தமும் மண்ணும்’ என்று நாஜிகள் இயற்கையையே கைப்பற்றிக் கொடி நட்டிருந்தார்கள். ஜெர்மன் காடு, ஜெர்மன் மண் என்றாலே அவர்கள் குரல் கேட்கும். அந்த நிலையில் மரத்தைப் பாடக் கூச்சம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் பாரதி வீட்டில் இன்னொரு கதை உண்டு. உலைக்கு வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்துவிட்டு அவர் பாடிக்கொண்டிருந்த கதை. நாம் எல்லோரும் அதை நெகிழ்ந்துபோய்ச் சொல்கிறோம். அந்த அரிசியை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தவர் செல்லம்மாள். அன்றைய அடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு.

அதே கேள்வியை ஸ்வென்போர்க் வீட்டிலும் கேட்க வேண்டும். வைகெல் ஜெர்மன் மேடையின் முதல் வரிசை நடிகை. அந்நிய மொழி பேசும் நாட்டில் அவருக்கு மேடை இல்லை. ஆறு வருடத்தில் பாரிஸிலும் கோபன்ஹேகனிலும் சில முறை நடித்ததோடு சரி. மற்ற நாளெல்லாம் சமையல், விருந்தாளிகள், பிள்ளைகள், வீடு. பிரெக்டின் கூட்டாளி மார்கரெட்டே ஸ்டெஃபின் காசநோயோடு இருமிக்கொண்டே பிரெக்டின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். டேனிஷ் கற்றுக்கொண்டு, டேனிய எழுத்தாளர் மார்ட்டின் ஆண்டர்சன் நெக்ஸோவின் தன்வரலாற்றைப் பிரெக்டோடு சேர்ந்து ஜெர்மனில் பெயர்த்தார். கோபன்ஹேகன் ராயல் தியேட்டர் நடிகை ரூத் பெர்லாவ் தன் மணவாழ்க்கையையும் பிழைப்பையும் பணயம் வைத்து அவருக்காக ஓடினார். உலகத்துக்குத் தான் செய்ய வேண்டியதைப் பற்றிப் பிரெக்ட் பக்கம் பக்கமாக எழுதினார். வீட்டுக்குச் செய்ய வேண்டியதை மூன்று பெண்கள் செய்தார்கள். அவர் கவிதைகளின் மதிப்பை நான் இதனால் குறைக்கவில்லை. கணக்கு முழுதாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஐரோப்பிய எழுத்தாளர்களுக்கு அது பெரிய பரீட்சையாக வந்தது. 1937 கோடையில் உலக எழுத்தாளர் மாநாடு வாலென்சியாவிலும் மாட்ரிடிலும் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நடந்து, பாரிஸில் முடிந்தது. பிரெக்ட் பாரிஸ்வரை போனார். கூடப் போன பெர்லாவ் அங்கிருந்து ஸ்பெயினுக்கே போய்விட்டார். பிரெக்ட் ஸ்வென்போர்க்குத் திரும்பி, ‘கரார் அம்மாளின் துப்பாக்கிகள்’ என்ற ஓரங்க நாடகத்தை முடித்தார். கணவனைப் போராட்டத்தில் பறிகொடுத்த மீனவப் பெண் ஒருத்தி, பிள்ளைகளைப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். படகில் மீன் பிடிக்கப் போன மூத்தவனின் பிணம் வந்து சேர்ந்ததும், ஒளித்துவைத்த துப்பாக்கிகளை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். பாரிஸில் வைகெல் அந்தத் தாயாக நடித்தார். 1937 முடிவில் கோபன்ஹேகனில் பெர்லாவ் தொழிலாளர் நடிகர்களை வைத்து அதை டேனிஷில் மேடையேற்றினார்.

அதே மாதங்களில், டென்மார்க்கின் மறுகோடியில், போர்ன்ஹோம் தீவிலிருந்து ஓர் இளைஞர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

குஸ்தாவ் முங்க்-பெட்டர்சன். 1912இல் பிறந்தவர். அம்மா சுவீடன்காரர். ஓவியர், கவிஞர். 1932இல், இருபது வயதில் முதல் தொகுப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் இரண்டு. டேனிஷ் கவிதையில் சர்ரியலிசத்தைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். பெரிய எழுத்தே இல்லாமல் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அச்சிடுவார். தமிழில் அந்தக் கலகத்துக்கு வழியே இல்லை!

போர்ன்ஹோம் பால்டிக் கடலுக்குள் தனித்துக் கிடக்கும் கருங்கல் தீவு. டென்மார்க்கின் மற்ற பகுதியெல்லாம் மணலும் களிமண்ணுமாக இருக்க, இங்கே மட்டும் பாறை. தூய வெளிச்சத்துக்காக ஓவியர்கள் தேடிவரும் இடம். குத்யெம் என்ற மீனவ ஊரில் குஸ்தாவ் குடியேறினார். தீவின் பேர்போன மட்பாண்டக் குடும்பமான யோர்த் வீட்டுப் பெண் லிஸ்பெத்தை மணந்தார். லிஸ்பெத்தும் மண்ணில் வேலை செய்பவர். 1937இல் மகள் உர்சுலா பிறந்தாள். அதே ஆண்டில் ‘பத்தொன்பது கவிதைகள்’ என்ற மெல்லிய தொகுப்பு வந்தது. அதில் பழைய ஆர்ப்பாட்டம் அடங்கிவிட்டது. தீவின் வெயில், கல், படகு, வேலை செய்யும் மனிதர்கள் என்று தெளிந்துவிட்ட மொழி. இன்றும் டேனிஷ் வாசகர்கள் அவரை நினைப்பது பெரும்பாலும் இந்தத் தொகுப்பால்தான்.

அழகு கைக்கு வந்துவிட்டது, மொழி வந்துவிட்டது, வீடு வந்துவிட்டது. அந்த இடத்தில் நின்று ஒருவர் எழுந்து போகிறார். லிஸ்பெத் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

ஸ்பெயினுக்குப் போன டேனியத் தொண்டர்கள் 500 பேருக்கு மேல். நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தொழிலாளிகள், மாலுமிகள், வேலையில்லாதவர்கள்தான் அதிகம். 1938 வசந்தத்தில் பிராங்கோவின் படை அரகோன் போர்முனையை உடைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கியது. பன்னாட்டுப் படை சிதறிப் பின்வாங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் அந்தக் குழப்பத்தில் குஸ்தாவ் கொல்லப்பட்டார். வயது 26.

பதினைந்து நாள் கழித்து ஃபூன் தீவில் பனி பெய்தது. பிரெக்ட் மரத்துக்குச் சாக்குப் போர்த்தினார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வீரர், இன்னொருவர் பேச்சு வீரர் என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். டென்மார்க்கிலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரெக்ட் ஸ்பெயினுக்குப் போயிருந்தால் ஒரு துப்பாக்கி கூடியிருக்கும். போகாததால் 1938 நவம்பரில் அந்த ஓலைக்கூரைக்குக் கீழே சில வாரங்களில் ‘கலிலியோவின் வாழ்க்கை’ முதல் வடிவம் முடிந்தது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வகத்தாரிடம் வானியல் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்துகொண்டு எழுதியது. உண்மையைக் கண்டவன் சித்திரவதைக்குப் பயந்து அதை மறுக்கிறான் என்ற கதையை எழுத, தப்பி ஓடிவந்த ஒருவருக்குத்தான் மனம் வந்திருக்கும்.

குஸ்தாவின் பிரச்சினையே வேறு. பூவா, போரா என்பதல்ல அவர் முன் நின்ற கேள்வி. தொட்டிலா, போரா என்பது. இரண்டும் கடமை. பூவை விட்டுக் கடமைக்குப் போனவர்களைப் பற்றி நிறையக் கவிதை இருக்கிறது. ஒரு கடமையிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்களைப் பற்றி எழுத ஆள் குறைவு, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் விட்டுவிட்டுப் போகப்பட்டவர்கள். கரார் அம்மாள் நாடகத்தில் துப்பாக்கியை எடுத்துத் தருகிறாள். லிஸ்பெத்திடம் யாரும் கேட்கவே இல்லை.

இதே தொடரில் முன்பு பார்த்த ஸ்டேன் ஸ்டென்சன் பிளிக்கரும் இந்த வரிசையில்தான் வருகிறார். ஜட்லண்ட் பாதிரியார். கடன், பிள்ளைகள், சபை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு பொட்டல் வெளியில் பறவைகளின் பின்னால் அலைந்தவர். ‘வலசைப் பறவைகள்’ தொகுப்பு வந்தது 1838, சரியாக நூறு வருடம் முன்பு. அவருடைய மேலதிகாரிகளுக்கு அவர் பொறுப்பில்லாத ஆள். டேனிஷ் இலக்கியத்துக்கு அவர் இல்லாமல் முடியாது. அவர் வீட்டாரிடம் கேட்டால் மூன்றாவது விடை ஒன்று கிடைத்திருக்கும்.

1939 ஏப்ரலில் பிரெக்ட் குடும்பம் சுவீடனுக்குக் கிளம்பியது. அந்த ஆண்டே ‘ஸ்வென்போர்க் கவிதைகள்’ வெளிவந்தது. அட்டையில் லண்டன் என்று போட்டிருந்தாலும் அச்சிட்டது கோபன்ஹேகனில். ஓடியாடி வேலை முடித்தவர் பெர்லாவ். பிரெக்ட் குடும்பம் சுவீடனிலிருந்து பின்லாந்து, பிறகு மாஸ்கோ வழியாக அமெரிக்கா. மாஸ்கோ மருத்துவமனையில் ஸ்டெஃபினை விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். 1941 ஜூன் 4 அன்று ஸ்டெஃபின் இறந்தார்; அப்போது ரயில் சைபீரியாவில் போய்க்கொண்டிருந்தது. பெஞ்சமின் அதற்கு முன்பே, 1940 செப்டம்பரில், ஸ்பெயின் எல்லையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

பிரெக்டின் உலகம் தமிழுக்கும் தூரமில்லை. பிரெக்டின் நாடகம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் க. பாலேந்திரா ‘யுகதர்மம்’ என்ற பெயரில் மேடையேற்றினார். 1980களில் ஈழத்துக் கவிஞர்கள் பனையையும் கடலையும் எழுதும்போதெல்லாம் நடுவில் ராணுவ வண்டிச் சத்தம் குறுக்கிட்டது. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பைப் புரட்டினால் அது தெரியும். இலங்கை உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய தமிழர்களில் பலர் வந்து சேர்ந்த நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. அவர்களுடைய குடும்பங்களை வரவிடாமல் கோப்புகளை முடக்கிவைத்த விவகாரத்தில் 1993இல் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே கவிழ்ந்தது. அந்தத் தமிழர் வழக்குக்குத் தனி அத்தியாயம் வேண்டும், வரும்.

ஸ்வென்போர்க் ஓலைவீடு இன்றும் இருக்கிறது. எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். குஸ்தாவ் தீவுக்குத் திரும்பவில்லை. லிஸ்பெத் தன் குடும்பத்து மட்பாண்டக் கூடத்தில் வேலை செய்து இரண்டு பெண்களையும் வளர்த்தார். அப்பா போனபோது கைக்குழந்தையாக இருந்த உர்சுலாவும் அம்மாவின் தொழிலுக்கே வந்தார். 1990களில் அவர் வடிவமைத்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் தட்டுகளும் குவளைகளும் டேனியச் சமையலறைகளில் இன்றும் புழங்குகின்றன.

அடுத்த இதழில் 1940 ஏப்ரல் 9 விடியற்காலைக்குப் போவோம்.